சங்கு ஊதியாச்சா என்று அம்மா கேட்டால்

தம்பி, உங்கள் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரக்கணக்கு, மிஞ்சினால் சில மாதம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் சென்னையில் லீவு சொல்லிவிட்டு வீரவநல்லூர் வீட்டில் இருக்கிறீர்கள். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் அம்மா "சங்கு ஊதியாச்சா?" என்று கேட்கிறார். ஒருநாள் உங்கள் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் வி.கே.புரத்தில் (விக்கிரமசிங்கபுரம்) இருந்தபோது பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு பையன். ஷிப்டு முடிந்து ஆலைச் சங்கு ஊதினதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இவர்கள் தெரு வழியாகப் போவான். இரண்டு வருடம் பார்வையும், நாலைந்து தடவை பாபநாசம் படித்துறையில் பேச்சும். அப்புறம் வீட்டில் தெரிந்துபோய், அவசர அவசரமாக வீரவநல்லூரில் கல்யாணம். அந்தப் பையன் பெயரை அம்மா சொல்லவில்லை. படித்துறையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார்.

நீங்கள் கேட்பது: இது அப்பாவுக்குச் செய்கிற துரோகம் இல்லையா, பேச்சை மாற்றிவிடலாமா, இல்லை அந்த ஆளைத் தேடிப் பார்க்க வேண்டுமா, பழசையே நினைத்துக்கொண்டிருந்தால் இருக்கிற கொஞ்ச நாளும் வீணாகிவிடாதா.

பேச்சை மாற்றாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் நர்ஸ். கடைசி 12 வருடம் தாமிரபரணி ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய், இனி குணமாகாது என்று அனுப்பப்பட்டவர்களைப் பார்த்தேன். முன்னீர்பள்ளத்திலிருந்து பாபநாசம் வரை நான் ஏறாத திண்ணை குறைவு. அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவர் நாலு நாள் தொடர்ந்து ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். அவர் மகள் கூசிப்போய் என்னைப் பார்த்தாள். நானும், "தாத்தா, அதெல்லாம் இப்ப எதுக்கு, சாமியை நினைங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சை நிறுத்தினார். அந்தப் பேச்சை மட்டுமல்ல, எல்லாப் பேச்சையும். ஐந்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். வயதில் நான் சின்னவள், தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த ஐந்து நாளை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் மருத்துவர்களே வயதானவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் நினைத்தார்கள். 1963-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அது அப்படி இல்லை என்று எழுதினார். சாவு பக்கத்தில் வருவது தெரிந்ததும் மனம் தன் வாழ்க்கையை எடுத்துத் திரும்பிப் பார்க்கிறது, முடியாமல் விட்டதை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு ஒரு இடம் தேடுகிறது, இது இயல்பான வேலை என்றார். எந்த வயது நினைவு அதிகம் வரும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வயதானவர்களிடம் கேட்டால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்ததுதான் குவியலாக வருகிறது. முதல் தடவையாக நடந்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான் நடக்கிறது. அம்மாவின் 18 வயது இன்று திரும்பி வருகிறது என்றால், நேற்று நடந்ததை விட அது ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். நேற்றைய வாழ்க்கை பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

கனடாவில் ஹார்வி சோச்சினோவ் என்ற மருத்துவர், சாகப்போகிறவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். அதில் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: உங்கள் வாழ்க்கையில் ரொம்ப உயிர்ப்போடு இருந்த நேரம் எது? 2005-ல் வந்த அவருடைய ஆய்வில் 100 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். அதில் 76 சதவீதம் பேர் தங்கள் மதிப்பு கூடியதாக உணர்ந்தார்கள். வாழ வேண்டும் என்ற எண்ணம் கூடியது என்றவர்கள் 47 சதவீதம். பழசைப் பேசினால் இருக்கிற நாள் வீணாகும் என்று பயப்படுகிறீர்களே, அதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். அம்மாவிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சங்கு ஊதியாச்சா என்பது அந்தப் பதில்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். மனைவியிடம் கதையைச் சொன்ன அன்று ராத்திரி அம்மா இரண்டு வாய் ரசஞ்சோறு கூடச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் பிச்சிப்பூ கேட்டார், "இந்த நெலமையில பூ எதுக்கு" என்று அத்தை சத்தம் போட்டதும் பேசாமல் இருந்துவிட்டார். நீங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. நான் உங்கள் கேள்வி முழுவதிலும் இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய காதலை நினைத்தவர் சாவைத் தேடிப் போகவில்லை தம்பி. சோறு கேட்டார், பூ கேட்டார். பத்து வருடத்துக்கு மேல் நான் பார்த்தது இதைத்தான். மனதில் வைத்திருந்ததை ஒருவரிடம் சொன்னவர்கள் மறுநாள் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள், தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள், நுங்கு வந்தாச்சா என்று கேட்பார்கள்.

பூ வாங்கிக் கொடுங்கள். அத்தையிடம் நீங்களே பேசுங்கள், மனைவியைப் பேசவிடாதீர்கள். புருஷன் போனவள் பூ கேட்கக் கூடாது என்று அத்தை நினைப்பது அவர் வளர்ந்த விதம், அவரோடு சண்டை போட வேண்டாம். "அத்தை, அம்மாவுக்கு வாசனை வேணும்னு தோணுது, தலைமாட்டுல வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அம்மா எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் அது அம்மா இஷ்டம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆற்றங்கரைக் கோரையை ஊறப்போட்டு, நரம்பு மாதிரிக் கிழித்து, நூலில் கோத்து நெய்வார்கள். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெயரும் பொண்ணு பெயரும் பாயிலேயே வரும். நாற்பது வருடம் மற்றவர்கள் கல்யாணத்துக்குப் பெயர் நெய்தவர் அவர். கடைசி மாதத்தில் ஒருநாள், தான் கட்டிக்க நினைத்தவர் ஒருவர் இருந்தார் என்று சொன்னார். எல்லா ஊரிலும் வைக்கிற பெயர்தானாம் அவருக்கு. "ஆர்டர்ல அந்தப் பேரு வந்தா மட்டும் கொஞ்சம் மெதுவா நெய்வேன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லும்போது புருஷன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமும் அவர் கையால்தான் கஞ்சி குடித்தார். கஞ்சி கொடுக்கும்போது கை நடுங்கும் அந்த மனிதருக்கு. அவர் சட்டையில் சிந்தியதைத் துடைத்துவிட்டவரும் இந்த அம்மாதான். அந்த வீட்டில் நான் எந்தத் துரோகத்தையும் பார்க்கவில்லை.

உங்கள் அம்மாவும் அப்பாவோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் தானே குளிப்பாட்டினார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்பா மேல் வைத்த பாசத்திலிருந்து பிடுங்கி அந்தப் பையனுக்குக் கொடுக்கிறார் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அப்பாவோடு வாழ்ந்த வாழ்க்கை முழுதாக வாழ்ந்து முடித்தது. வீடு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், திவசம் வருகிறது, ஊரே பேசுகிறது. அந்தப் பையன் விஷயத்துக்கு இதில் எதுவும் இல்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு ஊரில் யாரும் துக்கம் கேட்டு வருவதில்லை. செத்தவர்களுக்கு ஒப்பாரி வைக்கிறோம். அதில் எதை வேண்டுமானாலும் பாடலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் தன் மனதில் இருந்ததை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல நம் ஊரில் இடமில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அம்மா தனியாக வைத்துக்கொண்டிருந்ததை இப்போது உங்கள் மனைவி கையில் கொடுத்திருக்கிறார். மாமியார் மருமகளுக்கு இதை விடப் பெரிதாக எதைக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு வருத்தம் இருந்தால் அது தப்பில்லை. அப்பா பிள்ளை நீங்கள். அந்த வருத்தத்தை மனைவியிடமோ நண்பரிடமோ கொட்டுங்கள், அம்மா கட்டில் பக்கத்தில் வேண்டாம். இன்னொரு நாள், தனியாக, "அப்பா கல்யாணத்தன்னைக்கு எப்படிம்மா இருந்தாக?" என்று கேளுங்கள். அந்தப் பையன் கதைக்குப் போட்டியாகக் கேட்கக் கூடாது, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார் பாருங்கள்.

பெயரைக் கேட்காதீர்கள். நம்முடைய சங்க அகப்பாட்டில் காதலர்களுக்குப் பெயர் கிடையாது. மலை வரும், ஆறு வரும், பூ வரும், தோழி வருவாள், தலைவன் தலைவி பெயர் மட்டும் வராது. அது விதி. அந்தப் பாட்டு எதுவும் படிக்காத உங்கள் அம்மாவும் அப்படியே சொல்கிறார்: ஆலை, சங்கு, சைக்கிள், படித்துறை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரே சொல்வார். தேடுவதும் அப்படித்தான். அவர் வாயால் "அவுகளைப் பாக்கணும்" என்று கேட்காத வரை தேட வேண்டாம். அந்த மனிதருக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும், பேரன் பேத்தி இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அம்மா மனதில் இருப்பது சைக்கிள் தள்ளுகிற இருபது வயதுப் பையன். அவனை வி.கே.புரத்தில் தேடினால் கிடைக்க மாட்டான்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். சங்கு ஊதியாச்சா என்று கேட்டால், "இங்க சங்குச் சத்தம் கேக்காதும்மா" என்று திருத்தாதீர்கள். அவருக்கே தெரியும். "எத்தனை மணிக்கும்மா ஊதுவாங்க?" என்று கேளுங்கள். 1885-ல் ஹார்வி கம்பெனி ஆரம்பித்த ஆலை அது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் எழுந்ததும் உண்டதும் படுத்ததும் அந்தச் சங்குக்குத்தான். அதைக் கேட்டாலே பாதி ஊர் கதை வரும். யார் வீட்டில் எந்த ஷிப்டு, மழைக்காலத்தில் அருவிச் சத்தம் எப்படிக் கேட்கும், ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் எவ்வளவு கூட்டம். அம்மாவின் தகப்பனாரும் ஆலையில் இருந்தாரா, எந்த ஷிப்டு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அதற்கும் இப்போதுதான் நேரம். போனில் பதிவு செய்யலாம், ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நினைப்பு வேறு, பிதற்றல் வேறு. இன்று என்ன கிழமை, பக்கத்தில் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டே பழசைப் பேசினால் அது நினைப்பு. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பி, ராத்திரி பகல் தெரியாமல், சேலையைப் பிடித்து இழுத்து, உங்களையே யார் என்று கேட்டால் அது வேறு விஷயம். எலும்புக்குப் பரவியவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அப்படி வரும். சிறுநீர்த் தொற்று, நாலு நாள் மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொள்வது, மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவது, எதனாலும் வரும். பெரும்பாலும் சரிசெய்யலாம். அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

தூக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார் என்று பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து இல்லம் ஒன்றில், கடைசி நாட்களில் இருந்த 59 பேரைத் தினமும் கேட்டு 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இப்படிப்பட்ட கனவோ காட்சியோ கண்டிருந்தார்கள். சாவு நெருங்க நெருங்க இறந்துபோன உறவுகள் அதிகம் வந்தார்கள், அந்தக் கனவுகள்தான் அதிக ஆறுதல் கொடுத்தன. நம் வீடுகளில் பாட்டிமார் "தாத்தா வந்து கூப்பிடுதாக" என்று சொல்வது இதுதான். சிரித்தால் எழுப்ப வேண்டாம். பயந்து முனகினால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "சமாளிக்கிறார்" என்று. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. எலும்பு வலியை யாரும் சமாளிக்க வேண்டியதில்லை. சங்கை நினைக்க, பூவை முகர, உங்களிடம் பேச, எல்லாவற்றுக்கும் உடம்பு கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். மார்ஃபின் மாத்திரை பற்றி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அது சீக்கிரம் சாகடித்துவிடும், அடிமையாக்கிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் இரண்டும் நடக்காது. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வராமல் இருக்கக் கொடுப்பது. மெதுவாகக் கரையும் வகை இல்லாத சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கூடவே மலம் இளக மருந்து கண்டிப்பாக வேண்டும், இதை மறந்துவிட்டுத் திண்டாடிய வீடுகள் ஏராளம். முன்பு இந்த மருந்தை வைத்துக்கொள்ள மருத்துவமனைகள் ஏகப்பட்ட உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வைத்துக்கொள்வது எளிதாகியிருக்கிறது. ஒரே ஒரு இடத்து வலி என்றால், ஒரு தடவை மட்டும் கதிர்வீச்சு கொடுத்துக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள், பலருக்குக் குறைந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்த மாதிரி நோயாளிகளைப் பார்ப்பதும் சேர்ந்தது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

சாப்பாடு கட்டாயப்படுத்த வேண்டாம். கேட்டதைக் கேட்ட நேரத்தில், ஒரு ஸ்பூன் என்றாலும்.

"பொங்கல் வரைக்கும் இருப்பனால" என்று உங்களிடம் கேட்டபோது, "நூறு வயசு இருப்பம்மா" என்று சொல்லிவிட்டீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வோம். மறுபடியும் கேட்டால் பொய் வேண்டாம், நாள் கணக்கும் வேண்டாம். "உனக்கு எப்படிம்மா தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவருக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து உங்களுக்காக நடிக்கிறார், நீங்கள் அவருக்காக நடிக்கிறீர்கள். இருக்கிற தெம்பு இரண்டு பேருக்கும் அதிலேயே செலவாகிறது. கடைசி ஒன்றிரண்டு நாளில் கண் திறக்காமல் போனாலும் பேச்சை நிறுத்தாதீர்கள். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்களின் மூளை கூடச் சத்தத்துக்கு அசைவதை 2020-ல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

படித்துறைக்குக் கூட்டிப்போங்கள். தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரத்திலேயே. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், முதுகெலும்பில் பரவியிருந்தால் குலுங்கக் கூடாது. காரில் பின்சீட்டில் படுக்க வைத்து, இடுப்புக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுங்கள். கிளம்புகிறதுக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை ஒன்று கூடக் கொடுக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சேலை, ஒரு பிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர், வாந்திக்கு ஒரு பை. அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் வேண்டாம், கூட்டம் இருக்கும். விடியற்காலம் போனால் வெயிலும் இருக்காது. படி இறங்க முடியாது, மேலேயே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஒரு சொம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து வந்து பாதத்தில் ஊற்றுங்கள். அங்கே மீனுக்குப் பொரி போடுவார்கள், ஒரு பொட்டலம் வாங்கி அம்மா கையில் கொடுங்கள். திரும்பி வரும்போது வி.கே.புரம் வழியாகத்தான் வர வேண்டும். ஆலைப் பக்கம் வந்ததும் டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.